இரவு டிஸ்பேட்சுக்கு எத்தனை சாவி?

சானமாவில், ராயக்கோட்டை சாலையை ஒட்டி முப்பத்தைந்து பேர் வேலை செய்யும் ஒரு மெஷினிங் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாலு சி.என்.சி. லேத், இரண்டு வி.எம்.சி., தகரக் கூரை போட்ட ஸ்டோர்ஸ், மாடியில் ஆபீஸ். ஆபீசில் ஐந்து கம்ப்யூட்டர். சரக்கில் பாதி ஓசூர் சிப்காட்டுக்குப் போகிறது, மீதி அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு. இந்த அத்தியாயம் முழுக்க அந்தப் பட்டறையைத்தான் சுற்றி வரப்போகிறோம்.

இரவு ஒன்பதரை மணி. லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. டிரைவருக்கு அவசரம், ராகி அறுவடைக் காலத்தில் யானை எந்த நேரம் சாலைக்கு வரும் என்று சொல்ல முடியாது. பெங்களூர் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் இடையில் மாநில எல்லை இருக்கிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக்கூடாது. டிஸ்பேட்ச் பையன் முதலாளிக்குப் போன் போடுகிறான்.

“அண்ணா, லாரி நிக்குது. ஓடிபி வந்துச்சா?”

“கல்யாண வீட்ல இருக்கேன், இரு… நாலு, ஏழு, ரெண்டு…”

முதலாளியின் யூசர் பெயர், பாஸ்வேர்டு இரண்டும் டிஸ்பேட்ச் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில் இருக்கின்றன. அதே பாஸ்வேர்டுதான் பெரும்பாலும் ஜிஎஸ்டி தளத்துக்கும், கம்பெனி மெயிலுக்கும், டேலிக்கும். வண்டி கிளம்பிவிட்டது, வேலை நடந்துவிட்டது. அன்று இரவு அந்தப் பையன் கையில் இருந்தது இ-வே பில் போடும் சாவி மட்டும் அல்ல, பட்டறையின் மொத்தச் சாவிக்கொத்தும்தான். அவனுக்கு அது தேவையில்லை, அவன் கேட்கவும் இல்லை.

தகவல் பாதுகாப்பில் இதற்கு எதிரான வழக்கத்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. நான் அதைத் ‘தேவையளவு அதிகாரம்’ என்று தமிழில் சொல்கிறேன். எம்.ஐ.டி.யில் மல்டிக்ஸ் என்ற பலர் பகிரும் கணினி அமைப்பில் வேலை செய்த ஜெரோம் சால்ட்சர் 1974இல் இதை எழுதினார். 1975இல் மைக்கேல் ஷ்ரோடருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் வரும் எட்டு வடிவமைப்பு விதிகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு நிரலும், தன் வேலையை முடிக்கத் தேவையான அதிகாரத்தை மட்டுமே வைத்துக்கொண்டு இயங்கவேண்டும் என்பது அதன் சாரம். அவர்கள் இதற்குச் சொன்ன முதல் காரணம் திருடன் அல்ல, விபத்தும் தவறும்தான். கை தவறி எதையாவது அழித்தால் சேதம் எவ்வளவு தூரம் பரவும் என்பதுதான் அவர்களுடைய முதல் கவலை. நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்ததும் “எங்க பசங்க திருட மாட்டாங்க சார்” என்று பதில் வருவதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். திருட்டைப் பற்றி நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

உண்மையில் கீழே ஷாப் ஃப்ளோரில் இந்த விதி ஏற்கெனவே இருக்கிறது. சி.என்.சி. பேனலில் சின்னதாக ஒரு சாவித் துவாரம் இருக்குமே, புரோகிராம் புரொடெக்ட் சாவி, அதுதான். இன்சர்ட் தேய்ந்தால் ஆப்பரேட்டர் ஆஃப்செட்டில் சில மைக்ரான் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், அது அவருடைய வேலை. புரோகிராமைத் திருத்துவது அவர் வேலை அல்ல, அதற்குச் சாவி வேண்டும். மூன்றாவது ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒரு வரியை மாற்றி டூலைச் சக்கில் மோதவிட்டால் ஸ்பிண்டிலே போய்விடும் என்று மெஷின் செய்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சாவியைப் புரோகிராமர் வைத்திருப்பதற்காக எந்த ஆப்பரேட்டரும் தன்னை நம்பவில்லை என்று கோபித்துக்கொண்டதில்லை. (பல பட்டறைகளில் அந்தச் சாவி எந்நேரமும் துவாரத்திலேயே செருகியிருக்கும் என்பது வேறு கதை. உங்கள் பட்டறையில் எப்படி என்று ஒருமுறை கீழே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இந்தச் சாவியை மாடி ஆபீசுக்கு ஏற்றுவதுதான் நம் வேலை.

அதற்கு முன் ஒரு சம்பவம். ஜப்பானில் கொஜிமா என்று ஒரு நிறுவனம், டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து கொடுப்பது. 2022 பிப்ரவரி கடைசி வாரத்தில் அதன் சர்வர்கள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் மாட்டின. பாகங்களுக்கான தகவல் போக்குவரத்து நின்றதால் மார்ச் 1ஆம் தேதி டொயோட்டா ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளிலும், 28 லைன்களையும், ஒரு நாள் முழுக்க நிறுத்தியது. ஏறக்குறைய 13,000 வண்டிகளின் உற்பத்தி. பிறகு கொஜிமா வெளியிட்ட விவரப்படி, தாக்கியவர்கள் முதலில் கொஜிமாவுக்குள் நுழையவில்லை. அதன் துணை நிறுவனம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு வெளி நிறுவனத்தோடு பேசுவதற்கென்று வைத்திருந்த ரிமோட் இணைப்புக் கருவியில் ஓட்டை இருந்தது. அதன் வழியே துணை நிறுவனம், அங்கிருந்து கொஜிமா.

இதை ஜப்பான் செய்தியாகப் படிக்காதீர்கள். ஓசூரில் டிவிஎஸ் மோட்டாருக்கும் அசோக் லேலண்டுக்கும் பாகம் செய்யும் பட்டறைகள், அந்தப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இன்னும் சின்னப் பட்டறைகள் என்று அடுக்கு அடுக்காக இருக்கின்றன. நம் சானமாவுப் பட்டறை அந்த அடுக்கில் கடைசியில் இருக்கலாம். “நம்மகிட்ட என்ன இருக்கு, யார் வந்து ஹேக் பண்ணப் போறான்” என்ற பேச்சு இந்த இடத்தில்தான் செல்லாமல் போகிறது. உங்களிடம் இருப்பது உங்களுக்கு மேலே இருப்பவரின் வாசல். இது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. 2013இல் டார்கெட் கடைச் சங்கிலியில் நாலு கோடி கார்டு விவரங்கள் களவு போனதற்கு ஆரம்பம், அந்தக் கடைகளுக்கு ஏசி, குளிர்பதன வேலை பார்த்த ஒரு ஒப்பந்தக்காரரின் லாகின். ஏசிக்காரரின் கணக்கிலிருந்து பில் போடும் மெஷின்வரை எப்படி நடந்துபோக முடிந்தது என்பதுதான் அங்கே கேட்கவேண்டிய கேள்வி.

யானை ராகிக் கொல்லையில் இறங்கும் விதத்தை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கொல்லையில் இறங்கினால் அடுத்தது, அதற்கடுத்தது. இடையில் இருப்பது வரப்பு மட்டுமே. ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தால் இடையில் வரப்புகூடக் கிடையாது.

தடுப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 2019 செப்டம்பர் 4ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதாக மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. செய்தி வெளியே கசிந்தபோது முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, கழகம் ஒப்புக்கொண்டது: நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் ஒரு பயனரின் கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டிருக்கிறது, உலையை இயக்கும் முக்கிய உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது, அது தொடப்படவில்லை. முதல் நாள் மறுத்ததை விட்டுவிடுங்கள். ஒரு கம்ப்யூட்டர் விழுந்தும் அது அந்தப் பக்கத்தோடு நின்றது என்பதுதான் நமக்குப் பாடம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, விழுந்தது எங்கே நிற்கவேண்டும் என்பதை முன்கூட்டித் தீர்மானிக்கலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு நீள நோட்டு எடுங்கள். எக்செல் வேண்டாம், அதைத் திறந்ததும் நிறம் போட ஆரம்பித்துவிடுவீர்கள். இடது பக்கம் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள், வேலையின் பெயரை எழுதுங்கள்: இரவு டிஸ்பேட்ச், கொள்முதல், சம்பளம், ஸ்டோர்ஸ் பதிவு, டிராயிங் வாங்கி மெஷினுக்கு ஏற்றுவது, கேட்டில் உட்கார்ந்திருப்பது. ஆளை எழுதினால் “இவர் பதினைந்து வருஷமா இருக்காரு” என்ற எண்ணம் வந்து பேனாவை நிறுத்தும். வேலைக்கு வயதும் விசுவாசமும் கிடையாது. வலது பக்கம், அந்த வேலை ஒரு வாரம் நடக்க எதைப் பார்க்கவேண்டும், எதைச் சேர்க்கவேண்டும், எதை மாற்றவேண்டும், எதை அழிக்கவேண்டும் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் காலியாகவே இருக்கும். அழிக்கும் அதிகாரம் யாருக்கும் தினசரி தேவைப்படுவதில்லை, ஆனால் எல்லோரிடமும் இருக்கிறது.

இரவு டிஸ்பேட்சில் தொடங்குங்கள், பலன் உடனே தெரியும். இ-வே பில் தளத்தில் முதன்மைப் பயனர் தனக்குக் கீழே துணைப் பயனர்களை உருவாக்கலாம். துணைப் பயனருக்குத் தனி பெயர், தனி மொபைல் எண், தனி பாஸ்வேர்டு. பில் உருவாக்கலாமா, ஒருங்கிணைந்த பில் போடலாமா, மற்றவர் போட்டதை நிராகரிக்கலாமா என்று ஒவ்வொன்றாக டிக் அடித்துக் கொடுக்கலாம். இருமுறை சரிபார்ப்பு கட்டாயமான பிறகு ஓடிபியும் அந்தந்தப் பயனரின் எண்ணுக்கே போகிறது. அதாவது முதலாளி கல்யாண வீட்டில் நிம்மதியாகச் சாப்பிடலாம். பாதுகாப்புக்காகச் செய்கிற வேலை பெரும்பாலும் யாருக்காவது தொல்லைதான், இது விதிவிலக்கு. பையன் தவறான விவரம் போட்டுவிட்டால்? பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். யார் போட்டது என்பதும் தெரியும். அதுவரை எல்லாப் பில்லும் முதலாளி போட்டதாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கேள்வி வந்தால் பதில் சொல்லவேண்டியவரும் அவரே.

அடுத்து டேலி. இங்கே பொதுவாக நடப்பது, கம்பெனியைத் திறந்தால் பாஸ்வேர்டே கேட்காது, அல்லது எல்லோரும் ஒரே அட்மின். டேலி பிரைமில் பயனர் பாத்திரங்களை அமைக்க வசதி இருக்கிறது. டேட்டா என்ட்ரி பாத்திரம் தயாராகவே வருகிறது, அதை நகலெடுத்து வெட்டிச் சுருக்கிக்கொள்ளலாம். ஸ்டோர்ஸ் பதிவு செய்பவருக்கு வங்கி லெட்ஜர் தெரியவேண்டியதில்லை. இன்னொரு சின்ன அமைப்பு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: பின்தேதியிட்டு எத்தனை நாள்வரை வவுச்சர் போடலாம் என்று ஒரு பாத்திரத்துக்கு எல்லை வைக்கலாம். இரண்டு நாள் என்று வையுங்கள். போன மாதக் கணக்கில் கை தவறி நடக்கும் பாதித் திருத்தங்கள் அதோடு நின்றுவிடும். உங்கள் பட்டறை பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் கூடாது. எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் அந்தப் பதிவில் ‘அட்மின் திருத்தினார்’ என்று ஆயிரம் வரி இருக்கும். படிக்கும் ஆடிட்டர் பாவம்.

வங்கி. கரன்ட் அக்கவுன்டுக்கான நிறுவன நெட் பேங்கிங்கில், பணம் அனுப்ப ஒருவர் உள்ளிட்டு இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. அக்கவுன்டன்ட் உள்ளிடட்டும், முதலாளியோ பங்குதாரரோ ஒப்புதல் கொடுக்கட்டும். இரண்டு லாகினும் அக்கவுன்டன்ட் மேசையில் இருந்தால் இது வெறும் சடங்கு. ஒரு பக்கம் நடப்பதை இன்னொரு பக்கம் சரிபார்க்கும் இந்த ஏற்பாட்டில் பெரிய இடங்களே வழுக்கியிருக்கின்றன. 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், ஸ்விஃப்ட் வழியே போன உறுதிக் கடிதங்கள் வங்கியின் மையக் கணக்கு அமைப்பில் ஏறவே இல்லை. செய்தி அனுப்பும் கதவும் கணக்கு எழுதும் கதவும் தனித்தனியாக இருந்தன, ஒன்று திறந்தால் மற்றொன்றுக்குத் தெரியாது. முதலில் சொல்லப்பட்ட தொகை 11,400 கோடி ரூபாய் அளவு. நம் பட்டறைக்கு அத்தனை பூஜ்யம் கிடையாது, கதவு மட்டும் அதே கதவுதான்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பற்றி ஒரே வரி: பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருந்தாலும் அது பென் டிரைவ் அல்ல, உங்கள் கையெழுத்து. ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில் வருஷம் முழுக்கக் கிடக்கவேண்டாம். வேலைக்குக் கொடுங்கள், திரும்ப வாங்குங்கள்.

ஐந்து கம்ப்யூட்டரிலும் தினசரி வேலைக்கு அட்மின் உரிமை இல்லாத சாதாரண விண்டோஸ் கணக்கு போதும். புதிய மென்பொருள் போட அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அந்தத் தொல்லைதான் நமக்குத் தேவை. மெயிலில் வந்த ‘இன்வாய்ஸை’ யாராவது கிளிக் செய்தாலும், அந்தத் தீநிரலுக்குக் கிடைப்பது அந்த ஆளின் அதிகாரம் மட்டுமே. அந்த ஆள் சாதாரணப் பயனர் என்றால், மெஷின் முழுக்கப் பிடித்து ஆட்ட அது இன்னொரு ஓட்டை தேடவேண்டும். டிராயிங் ஃபோல்டரும் அப்படித்தான். வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங் உங்கள் சொத்து அல்ல, நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. மெஷினுக்கு ஏற்றுபவருக்குப் படிக்கும் உரிமை, புரோகிராமருக்கு எழுதும் உரிமை, சம்பளம் போடுபவருக்கு அந்த ஃபோல்டர் இருப்பதே தெரியவேண்டாம். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு கேமராவை நேரலையாகப் பார்க்கும் கணக்கு மட்டும் போதும், பதிவை அழிக்கும் கணக்கு வேண்டாம்.

மெஷின் சர்வீஸ்காரர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், கொஜிமா கதையில் தாக்கியவர்கள் உள்ளே வந்தது இந்த மாதிரி வாசல் வழியாகத்தான். பெங்களூரிலிருந்து நேரில் வர நேரமில்லை, ஒரு கம்ப்யூட்டரில் ஆளில்லாமலே நுழையும்படி ரிமோட் மென்பொருள் போட்டு நிரந்தர பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போகிறார். வேலை முடிந்தது. அந்தக் கதவு மூன்று வருஷமாகத் திறந்தே இருக்கிறது. அவருடைய கம்பெனியில் அந்த பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும், அவர் வேலையை விட்டுப் போனாரா என்பது உங்களுக்குத் தெரியாது. இதற்கு வழி எளிது: நிரந்தர பாஸ்வேர்டு கூடாது. அவர் போன் செய்யட்டும், நம் ஆள் ஒருவர் திரையில் அனுமதி கொடுக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், முடிந்ததும் மூடட்டும். அந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேராமல் தனி ரவுட்டரில் இருந்தால் இன்னும் நல்லது. சர்வீஸ்காரர் முதல் முறை முகம் சுளிப்பார், இரண்டாம் முறை பழகிவிடும்.

அதிகாரம் கொடுப்பது எளிது, திரும்ப வாங்குவதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். இந்தப் பகுதியில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். சிப்காட்டில் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த மாதம் அங்கே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் பண்டிகைக்கு ஊர் போனால் சிலர் திரும்புவதில்லை. யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஆகவே விலகும் நாளை நம்பாதீர்கள், சம்பளப் பட்டியலை நம்புங்கள். மாதம் ஒருமுறை சம்பளம் போட்ட அன்று, பட்டியலில் இல்லாத பெயரில் லாகின் இருக்கிறதா என்று பாருங்கள். கொள்முதலிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாறியவரின் பழைய அதிகாரமும் அன்றே போகவேண்டும். வருஷக்கணக்கில் பிரிவு பிரிவாக மாறி, போன இடத்திலெல்லாம் சாவி சேர்த்துக்கொண்டு, கடைசியில் முதலாளியைவிட அதிகச் சாவி வைத்திருக்கும் நல்ல மனிதர் ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் இருப்பார். அவர் தப்பு செய்யமாட்டார். அவர் பாஸ்வேர்டு வெளியே போனால் பட்டறையே போகும்.

இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் ஞாயிறு இரவு சர்வர் நின்றால் யார் திறப்பது? இதற்கு நான் பரிந்துரைப்பது பழைய முறை. அட்மின் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி உறையில் போட்டு, ஒட்டி, குறுக்கே கையெழுத்திட்டு, பீரோவில் வையுங்கள். தேவைப்பட்டால் கிழிக்கலாம், தடையில்லை. கிழித்தவர் தேதியும் காரணமும் எழுதவேண்டும், மறுநாள் பாஸ்வேர்டை மாற்றிப் புதிய உறை போடவேண்டும். உறை நாலு மாதத்தில் ஏழு முறை கிழிந்திருந்தால் எங்கோ ஒரு வேலைக்குத் தேவையானதைக்கூட நீங்கள் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்போது அந்த நீள நோட்டைத் திறந்து அந்த வரியைத் திருத்துங்கள்.

எதிர்ப்பு வரும். “என் மேல நம்பிக்கை இல்லையா சார்?” என்ற கேள்வி பெரும்பாலும் பழைய ஆளிடமிருந்து வரும், அதில் உண்மையான வருத்தமும் இருக்கும். அதைக் கொள்கை பேசிச் சமாளிக்காதீர்கள். ஒரு நாள் பணம் தவறிப்போனால் போலீஸ் முதலில் யாரைக் கூப்பிடும் என்று கேளுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவர்களைத்தான். இருபது பேருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு இருபது பேரையும் சந்தேகத்தில் நிறுத்தும். அவரிடம் அது இல்லை என்றால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். சைபர் சம்பவம் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்கவேண்டும், 180 நாள் பதிவுகள் கையில் இருக்கவேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. அந்தப் பதிவில் ஒரே பெயர் இருந்தால் யாரையும் விடுவிக்கவும் முடியாது.

கடினமான ஆள் முதலாளிதான். தன் கம்ப்யூட்டரில் தானே அட்மினாக இல்லாமல் இருப்பது அவருக்குத் தன் வீட்டுக்குத் தானே தட்டிவிட்டு நுழைவது போல இருக்கும். ஆனால் முதலாளியின் மெயிலுக்குத்தான் மோசடிக் கடிதங்கள் அதிகம் வருகின்றன, அவசரமாகக் கிளிக் செய்பவரும் அவரே. மெயில் பார்க்க ஒரு சாதாரணக் கணக்கு, மாற்றங்கள் செய்ய வேறொரு கணக்கு என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் யாரும் அவருக்கு முன்னால் இதைச் செய்யமாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை மதியம், இரவு டிஸ்பேட்ச் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனுடைய லாகினில் அவனையே நுழையச் சொல்லுங்கள். சம்பள ஃபோல்டரைத் திறக்கச் சொல்லுங்கள், டேலியில் வங்கி லெட்ஜரைத் தேடச் சொல்லுங்கள், போன மாத வவுச்சர் ஒன்றைத் திருத்தச் சொல்லுங்கள். எது திறக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். பிறகு ஒரு மாதிரி இ-வே பில்லுக்கான விவரங்களை உள்ளிட்டு, கடைசிப் பொத்தானுக்கு முன்புவரை போகச் சொல்லுங்கள். அதில் எங்காவது அவன் நின்று உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.